ஈர விறகும் இரண்டு அடுப்பும்

பெரம்பலூர் மாவட்டத்தில் உலகப் புகழ் பெற்ற மரக்கட்டை ஒன்று உண்டு. சாத்தனூரில் கிடக்கும் அந்தக் கட்டையின் நீளம் 18 மீட்டர். வயது சுமார் 12 கோடி ஆண்டு. புவியியல் அறிஞர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ம் ஆண்டில் அதைப் பற்றி முதன்முதலில் எழுதினார். மரம் கல்லாகிவிட்ட அதிசயத்தைக் காண இன்றும் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து போகிறார்கள். அந்தக் கட்டை எரியாது. எரியவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

எரியவேண்டிய கட்டை எரியாமல் போவதுதான் பிரச்னை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விடியற்காலையில் நடந்து சென்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓட்டுக் கூரைகளின் இடுக்கிலிருந்து வெண்புகை கசிந்துகொண்டிருக்கும். உள்ளே ஒரு தாய் ஊதாங்குழலை வைத்துக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி ஊதிக்கொண்டிருப்பாள். அடுப்பில் விறகு இருக்கிறது. உலையில் தண்ணீர் இருக்கிறது. விறகிலும் தண்ணீர் இருக்கிறது. கடைசியில் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

குளிர் நாடுகளில் விறகு என்றால் வீட்டைச் சூடேற்றும் பொருள். நம் நாட்டிலும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்தத் தேவை உண்டு. வெயிலுக்குப் பேர்போன பெரம்பலூரிலும் அரியலூரிலும் வீட்டைச் சூடேற்றவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சோறு வடிக்க வேண்டும். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேக வேண்டும். மார்கழிப் பனியில் கிழவர்களுக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் வெந்நீர் காய வேண்டும். ஊர்த் திருவிழா என்றால் அண்டாவை ஏற்றக் கோட்டை அடுப்பு வெட்ட வேண்டும். ஆகவே விறகின் காலம் முடிந்துவிட்டது என்று பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது; கிராமத்தில் அது வாஸ்தவம் அல்ல.

முன்பக்கம் காஸ், பின்பக்கம் விறகு

தமிழ்நாட்டில் 2006-க்கும் 2011-க்கும் இடையில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக எரிவாயு அடுப்பு வழங்கப்பட்டது. 2016-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி, உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் மத்திய சர்க்காரின் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டது. இவற்றின் பலன் பெரிது. அதை யாரும் மறுக்க முடியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தும் குடும்பங்கள் இந்தியா முழுவதிலும் 58.6 சதவீதம். தமிழ்நாட்டிலோ அது 80 சதவீதத்துக்கும் மேல்.

ஆனால் இந்தப் புள்ளிவிவரத்துக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆய்வாளர் கேட்பது, 'பெரும்பாலும் எதில் சமைக்கிறீர்கள்?' என்ற கேள்வியைத்தான். 'காஸில்' என்று பதில் சொல்கிற வீட்டிலேயே, பின்பக்கத்துக் கொட்டகையில் மண்ணடுப்பும் எரிந்துகொண்டிருக்கலாம். காலைக் காப்பிக்கும் அவசரத்துக்கும் காஸ். சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு. கணக்குப் புத்தகத்தில் அது தூய எரிபொருள் வீடு. அந்த வீட்டுப் பெண்ணின் நுரையீரலைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

ஏன் இந்த இரட்டை அடுப்பு? காரணத்தைத் தேடி அதிக தூரம் போகவேண்டாம். சென்னையில் 14.2 கிலோ வீட்டு உபயோகச் சிலிண்டரின் விலை 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசுக்கு ஏறியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தன. 2025 ஏப்ரலில் மீண்டும் 50 ரூபாய் உயர்ந்து 868 ரூபாய் 50 காசு ஆயிற்று. உஜ்வலா இணைப்பு உள்ளவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் முழு விலையையும் முதலில் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும்; மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும்.

கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு எண்ணூறு ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைப்பதுதான் மலை. விறகை ஐம்பது ரூபாய்க்கும் வாங்கலாம். வேலியோரம் போய்ப் பொறுக்கினால் காசே இல்லாமலும் கொண்டுவரலாம். ஏழை விறகை விரும்புவதால் வாங்குகிறான் என்று நினைப்பது தவறு. அது சில்லறையாகக் கிடைக்கிறது என்பதால் வாங்குகிறான்.

ஒரு சிறு கணக்கு

சில்லறையாக வாங்கினால் மலிவா? இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கிறது. நல்ல காஸ் அடுப்பில் அதில் பத்தில் ஆறு பங்காவது பாத்திரத்தைச் சேரும். அந்த விதத்தில் ஒரு சிலிண்டர் பாத்திரத்துக்குத் தரும் வெப்பம் சுமார் 94,000 கிலோ கலோரி. நன்றாக உலர்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3,700 கிலோ கலோரி இருக்கிறது. மூன்று கல் அடுப்பில் அதில் எட்டில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மற்றது காற்றோடு போகிறது. இரண்டையும் வகுத்துப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய உலர்ந்த விறகு 200 கிலோ வேண்டும்.

அதாவது, சிலிண்டர் 868 ரூபாய் விற்கும்போது, உலர்ந்த விறகைக் கிலோ நாலு ரூபாய்ச் சொச்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிறவர் காஸ்காரரைவிட அதிகம் செலவழிக்கிறார். மானியம் பெறுகிறவர் என்றால் அந்த எல்லை மூன்று ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும்.

இது உலர்ந்த விறகின் கதை. பச்சை விறகு என்றால்? வெட்டியவுடன் கொண்டுவந்த மரத்தில் எடைக்குப் பாதிவரை தண்ணீர் இருக்கலாம். அப்போது ஒரு கிலோவில் கிடைக்கும் வெப்பம் 2,000 கிலோ கலோரிக்கும் குறைவு. அடுப்பு அதே அளவு திறமையோடு எரிகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு சிலிண்டருக்குச் சமமாக 400 கிலோ பச்சை விறகு தேவைப்படும். கிலோ இரண்டு ரூபாய்க்கு வாங்கினாலே காஸ் விலை வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் எடை போட்டு விறகு வாங்குகிற வீட்டம்மாள், விறகுக்குப் பாதியும் தண்ணீருக்குப் பாதியும் விலை கொடுக்கிறாள். குடிக்க முடியாத தண்ணீர்!

மரத்துக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது?

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுவதுதான் அந்தக் குழாய்களின் வேலை. மரத்தை வெட்டிய பிறகும் குழாய்க்குள் நீர் தேங்கி நிற்கிறது. அது முதலில் சீக்கிரமாகப் போய்விடும். குழாயின் சுவரிலேயே ஊறிப்போயிருக்கும் நீர்தான் மெதுவாக வெளியேறுவது. முதல் வாரங்களில் விறகின் எடை மளமளவென்று குறைந்து, பின்னர் தயங்கித் தயங்கிக் குறைவது இதனால்தான்.

குழாய்கள் நீளவாட்டில் ஓடுவதால் நீர் வெட்டுமுனையின் வழியாகத்தான் வேகமாக வெளியேறுகிறது. பக்கவாட்டில், அதிலும் பட்டையின் வழியாக, அது சுலபமாகப் போகாது. பட்டை மரத்துக்கு மழைக்கோட்டு. உள்ளே மழை வராமல் தடுப்பதோடு, உள்ளே இருப்பது வெளியே வராமலும் தடுக்கும். ஆகவே முழு உருட்டுக்கட்டையை ஆறு மாதம் முற்றத்தில் போட்டு வைத்தாலும் நடுவில் ஈரம் இருக்கும். அதையே முழங்கை நீளத்துக்குத் துண்டாக்கி, நாலாகப் பிளந்து வைத்தால், நம் ஊர் கோடை வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் அடுப்புக்கு ஆகிவிடும். கோடாலியும் ஆப்பும் செய்கிற வேலையைச் சூரியன் தனியாகச் செய்ய முடியாது.

ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன நடக்கிறது? ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் செலவாகும். அது வெறும் நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. நீராவி கிளம்பிக்கொண்டிருக்கும் வரையில் கட்டையின் சூடு ஏறாது. மரத்திலிருந்து வெளிப்படும் வாயுக்கள் தீப்பிடிக்கும் அளவுக்கு வெப்பம் இல்லாததால், அவை எரியாமலே புகையாக வெளியேறுகின்றன. புகை என்பது எரிந்து தீர்ந்த விறகு அல்ல; எரியாமல் தப்பிப்போன விறகு. பாத்திரத்துக்குப் போகவேண்டிய சூடு கண்ணுக்கும் மூக்குக்கும் போகிறது.

கரிசலும் செம்மண்ணும் தரும் விறகு

இரண்டு மாவட்டங்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பெரம்பலூர் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்து, 2002-ல் மீண்டும் சேர்ந்து, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டம் ஆயிற்று. ஆனால் அடுப்பைப் பொறுத்தவரை இருவருக்கும் குணம் வேறு.

பெரம்பலூர்ப் பக்கம் கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. பஞ்சு எடுத்து முடிந்ததும் பிடுங்கிக் கட்டும் பருத்திமார், மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை ஆகியவை அங்கே ஏழையின் எரிபொருள். இவை சீக்கிரம் பற்றும், சீக்கிரம் அணையும். பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். மெலிந்தவை ஆதலால் பத்து நாள் வெயிலிலேயே காய்ந்துவிடும். ஒரு நாள் மழையில் மறுபடி நனைந்தும் விடும்.

அரியலூர்ப் பக்கம் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை வட்டாரங்களில் செம்மண்ணில் முந்திரிக் கொல்லைகள் பரந்து கிடக்கின்றன. கவாத்துச் செய்த கிளைகளும், காய்ப்பு ஓய்ந்த கிழ மரங்களும் விறகாகின்றன. தைல மரத் தோப்புகளும் நிறைய உண்டு. தைல மரத்தில் ஒரு ரகசியம்: அதன் நார் முறுக்கி ஓடுவது, காய்ந்துவிட்டால் கோடாலிக்கு இணங்காது. பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். புளியங்கட்டையும் பிளக்கச் சிரமம். ஆனால் பிளந்து காய வைத்தால் அதன் தணல் நின்று எரியும். வேம்பின் புகை கண்ணைக் கரிக்கும். முருங்கை காகிதம் போல எரிந்து போகும். அரளியைத் தொடவே வேண்டாம். அதன் புகையிலும் விஷம் உண்டு.

இரு மாவட்டங்களுக்கும் பொதுவானது சீமைக் கருவேல். ஏரி உள்வாய், வாய்க்கால் கரை, தரிசு, ரஸ்தா ஓரம் எங்கே பார்த்தாலும் அதுதான். இந்த மரம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கக் கண்டத்து மரம் இது. மதராஸ் மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த கர்னல் பெடோம், வறண்ட பகுதிகளில் நடுவதற்கு இதன் விதை வேண்டும் என்று 1876-ல் ரெவினியூ இலாகாவுக்கு எழுதினார். மறு ஆண்டே விதை வந்து சேர்ந்தது. எதற்காகக் கேட்டார்? விறகுப் பஞ்சத்துக்காக! அதே நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்று சோழமண்டலக் கரையோரம் சவுக்குத் தோப்புகள் வைத்தார்கள். இன்று நாம் சபிக்கும் சீமைக் கருவேல், ஒரு காலத்தில் அடுப்பெரிக்க வரவழைத்த விருந்தாளி.

விருந்தாளி வீட்டையே பிடித்துக்கொண்டான் என்பது உண்மை. ஆனால் விறகு என்ற முறையில் அவனிடம் குறை சொல்ல முடியாது. கெட்டியான கட்டை, நிதானமாக எரியும், தணலாக நிற்கும். கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் எரியும் என்பது அதன் பெருமை. அதுவே அதன் ஆபத்தும் ஆகும். 'எரிகிறதே, பின் காய வைப்பானேன்?' என்று ஜனங்கள் நினைத்துவிடுகிறார்கள். எரிகிறது, வாஸ்தவம், புகையையும் சேர்த்துக்கொண்டு எரிகிறது.

தையில் வெட்டி, ஐப்பசிக்கு முன் அடுக்கு

விறகு காய்வதற்கு நம் பஞ்சாங்கம் மிகவும் தோதானது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. தை, மாசியில் வெட்டித் துண்டாக்கிப் பிளந்து வைத்தால் பங்குனியும் சித்திரையும் வைகாசியும் முழுசாகக் கையில் இருக்கின்றன. அதன் பிறகு ஆடிக்காற்று. வெயிலைப் போலவே காற்றும் விறகைக் காய வைக்கும். சொல்லப்போனால் காற்றுப் புகாத வெயிலைவிட நிழலில் வீசும் காற்று மேல். ஐப்பசி முதல் மழைக்கு முன்னால் காய்ந்த விறகு கூரைக்குள் போய்விட்டால் அந்த வருஷம் கவலை இல்லை.

அடுக்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. தரையில் நேராக அடுக்கினால் அடி வரிசை ஈரத்தை உறிஞ்சும், கறையானும் ஏறும். நாலு கல்லை வைத்து, அதன்மேல் இரண்டு நீளக் கழிகளைப் போட்டு, ஒரு சாண் உயரத்தில் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் வைத்தால் நடுவில் காற்று ஓடும். பட்டைப் பக்கம் மேலே இருக்கட்டும். மேலே மட்டும் தகரமோ கீற்றோ போட்டு மூடலாம். பக்கங்களைத் திறந்தே விட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் நாலு பக்கமும் போர்த்தி மூடுகிறவர்கள், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். அங்கே விறகு காய்வதில்லை, பூசணம் பூக்கிறது.

வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்குவது வேண்டாம். விறகுக் குவியல் தேளுக்கும் கட்டுவிரியனுக்கும் பிடித்தமான இடம். இருட்டில் கையை விட்டு எடுக்காமல், ஒரு கழியால் தட்டிவிட்டு எடுப்பது உயிருக்கு நல்லது.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் பாட்டிமார்களுக்கு இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வெட்டுமுனையில் நடுவிலிருந்து கதிர் கதிராக வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று ஓசை கேட்கும்; ஈரக்கட்டை 'தொப்' என்று செத்த ஓசை தரும். இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால், ஒரு துண்டுக்குச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டு, வாரம் ஒரு முறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை குறையவில்லை என்றால் அது போகவேண்டிய ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். பாதிக்குப் பாதி நீர் உள்ள 100 கிலோ பச்சை விறகு, சரியாகக் காய்ந்த பிறகு 60 கிலோவுக்குள்தான் நிற்கும். குறைந்த 40 கிலோவும் தண்ணீர்தான்.

மழைக்காலத்தில் அன்றாடத் தேவைக்கு அடுப்புக்கு மேல் பரண் கட்டி விறகைக் காய வைப்பது பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் கூரை வீட்டில் பரணுக்கும் தீக்கும் இடையே போதிய உயரம் இல்லாவிட்டால் விபரீதமாகும். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஈர விறகைப் பற்ற வைக்கப் பிளாஸ்டிக் பையையும் டயர்த் துண்டையும் செருகுகிற பழக்கம் பரவியிருக்கிறது. அந்தப் புகை வெறும் புகை அல்ல, விஷம். காய்ந்த சிறாய் ஒரு கைப்பிடி இருந்தால் அதற்குத் தேவையே இராது.

புகையின் கணக்கு

வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகை முதலான மாசினால் உலகில் 2020-ம் ஆண்டில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. பக்கவாதம், இருதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், குழந்தைகளுக்கு நிமோனியா - இவை வழியாக வரும் சாவு அது. புகை ஒரே நாளில் கொல்வதில்லை. ஆகவே யாரும் அதன்மேல் பிராது கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்புகளின் புகையை அளந்து உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிலையத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். அவருடைய குழுவும் பங்கெடுத்த ஒரு பெரிய சோதனை, இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடையே நடந்தது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்த இடங்கள் நமக்குப் பக்கத்திலேயே உள்ள விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள். பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும், தொடர்ந்து சிலிண்டரும் இலவசமாக வீட்டுக்கே வந்தன. மற்றவர்கள் வழக்கம்போல் விறகு முதலியவற்றில் சமைத்தார்கள். விறகடுப்புப் பெண்கள் சுவாசித்த நுண்துகளின் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் காஸ் கிடைத்த பெண்கள் சுவாசித்தது. குழந்தையின் பிறப்பு எடையில் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை என்று 2022-ல் ஆய்வாளர்கள் நேர்மையாகவே அறிவித்தார்கள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. அடுப்பைக் கொடுத்ததோடு நிற்காமல் சிலிண்டரையும் இடைவிடாமல் கொடுத்தபோது, விறகைத் தொடவேண்டிய அவசியமே அந்தப் பெண்களுக்கு இருக்கவில்லை. சிலிண்டர் தீர்ந்து, அடுத்ததற்குப் பணம் சேரும்வரை காத்திருக்கும் வீட்டில் அப்படி அல்ல. அந்த இடைக்காலத்தில் விறகுதான் எரிகிறது. அந்த விறகு ஈரமா, உலர்ந்ததா என்று கேட்க ஒருவரும் இல்லை.

அடுப்பைக் கொடுத்தார்கள், விறகை மறந்தார்கள்

புகையில்லா அடுப்பு என்ற யோசனை புதிதல்ல. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த மண்ணடுப்பை வகுத்து, கோடிக்கணக்கான ஏழைகளின் சமையலறைக்கும் அது எட்டவேண்டும் என்று 1953-ல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தார் மூன்று பாத்திரம் வைக்கும் 'அஸ்த்ரா' அடுப்பைப் படைத்தார்கள். மத்திய சர்க்கார் 1980-களில் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டு, 2002-ல் அது முடியும்வரை சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகளை வைத்தது.

அவற்றில் பல சில வருஷங்களிலேயே மூலையில் ஒதுங்கின. மண் வெடித்தது, பாத்திரம் பொருந்தவில்லை, இலக்கை எட்டவேண்டும் என்று அவசரத்தில் கட்டினார்கள், பிறகு செப்பனிட ஆள் வரவில்லை. இவை யாவரும் சொல்லும் காரணங்கள். பிரஸ்தாபத்துக்கு அதிகம் வராத காரணமும் ஒன்று உண்டு: ஈர விறகின் புகையில் உள்ள கீல் புகைபோக்கியின் உட்சுவரில் படிந்து, நாளடைவில் அதை அடைத்துவிடும். அடைத்த புகைபோக்கி புகையை வெளியே அனுப்பாது. வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும். நல்ல அடுப்பில் ஈர விறகை வைப்பது, புதுச் சட்டைக்குள் ஈர உடம்பை நுழைப்பது போலத்தான்.

இங்கிலாந்தில் வேறு விதமாக யோசித்தார்கள். அங்கே குளிர்காயக் கணப்பில் விறகு எரிக்கிறார்கள். நகரங்களின் காற்று கெடுகிறது என்று கண்டதும், 2021-ம் ஆண்டு மே 1-ந் தேதி முதல், சிறு அளவில் விற்கும் விறகில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்று சட்டம் செய்துவிட்டார்கள். மொத்தமாக வாங்குகிறவர் தானே காய வைத்துக்கொள்ளலாம்; அன்றன்றைக்கு வாங்குகிறவருக்கு உலர்ந்ததைத்தான் விற்க வேண்டும். பால்காரன் தண்ணீர் கலந்தால் குற்றம் என்று நமக்குத் தெரியும். விறகுக்காரன் தண்ணீரோடு விற்றால் குற்றம் என்பது அங்கேதான் தோன்றியிருக்கிறது.

ஏரி விறகு யாருக்கு?

நம் மாவட்டங்களுக்கு இங்கிலாந்துச் சட்டம் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம் அல்ல. தலைச்சுமையாக விறகு விற்றுப் பிழைக்கும் கிழவியை அதிகாரி வந்து மிரட்டுவதற்கு ஒரு சட்டம் கூடுதலாக வேண்டியதில்லை. ஆனால் செய்யக்கூடிய காரியம் ஒன்று கண்முன்னாலேயே இருக்கிறது.

சீமைக் கருவேலை ஒழிக்கவேண்டும் என்ற இயக்கம் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் அதை அகற்றும்படி கடுமையாக உத்தரவிட்டது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்திலேயே இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் மாநில சர்க்கார், ஊடுருவும் அயல் தாவரங்களை நீக்கிச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. ஏரிகள் தூர் எடுக்கப்பட வேண்டும், நீர் நிற்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது.

ஆனால் வெட்டிய மரம் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா? ஏலம் எடுத்தவர் இயந்திரத்தால் பிடுங்கி, பச்சையாகவே லாரியில் ஏற்றிக் கரிமூட்டத்துக்கும் ஆலைக்கும் அனுப்புகிறார். அதுவரை அந்த ஏரிக்கரையில் சுள்ளி பொறுக்கி அடுப்பெரித்த குடும்பங்களுக்கு மறுநாள் முதல் சுள்ளியும் இல்லை. அவர்கள் காஸுக்கு மாறிவிடுவார்கள் என்று எண்ணுவது மனக்கோட்டை. இன்னும் தூரம் போய், இன்னும் பச்சையான கிளையை முறித்துக்கொண்டு வருவார்கள்.

ஏலத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் என்ன? வெட்டும் மரத்தில் ஒரு பங்கைத் துண்டாக்கிப் பிளந்து, ஊராட்சிக்குச் சொந்தமான மேட்டில் அடுக்கி வைக்க வேண்டும். கோடை முழுவதும் அது காயட்டும். தகரக் கொட்டகை ஒன்று, ஒரு தராசு, பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள மகளிர் சுய உதவிக் குழு; இவ்வளவு போதும். ஐப்பசியில் மழை தொடங்கும்போது உலர்ந்த விறகு உள்ளூர் விலையில் கிடைக்கும். தண்ணீருக்கு விலை கொடுக்கவேண்டாம். முள்குத்திய கையோடு மழையில் அலைய வேண்டாம். காஸ் மானியத்துக்கு இது போட்டியும் அல்ல. சிலிண்டர் தீர்ந்த நாளுக்கு ஒரு கைத்தடி.

இன்னொரு பக்கத்திலும் நீதி வேண்டும். கட்டிய கணக்கின்படி பார்த்தால், எடை போட்டு விறகு வாங்குகிற குடும்பம்தான் பலசமயம் காஸ் குடும்பத்தைவிட அதிகம் செலவழிக்கிறது. சில்லறையாக விறகு வாங்குகிறவருக்குச் சில்லறையாகக் காஸ் வாங்க வழி செய்ய வேண்டும். ஐந்து கிலோ சிறு சிலிண்டர் ஏற்கெனவே இருக்கிறது. அது மானியத்தோடு, ஒவ்வொரு ஊரிலும், ரேஷன் கடைத் தூரத்தில் கிடைத்தால் பின்பக்கத்து அடுப்பு தானாகவே அணையும்.

அது அணையும்வரை, எரிகிற அடுப்பு சுத்தமாக எரியட்டும். விறகு வைத்துச் சமைப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் என்று நினைத்து அதைக் கண்டும் காணாமல் விடுவதால் ஒரு பெண்ணின் கண்ணீரும் குறையப்போவதில்லை. தை பிறந்ததும் கோடாலியைத் தீட்டுங்கள். நாலு கல் வையுங்கள். பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள். மற்ற வேலையைச் சித்திரை வெயிலும் ஆடிக்காற்றும் கூலி கேட்காமல் செய்துவிடும்.